அம்மா சொன்ன சாட்சி

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் போகிற எந்தக் கன்டெய்னர் லாரியையும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். வண்டிச் சட்டத்தில் விரிசல் விட்டால் எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேட்டால், டிரைவர் என் பட்டறையைத்தான் காட்டுவார். பேர்ப்பலகைகூட நான் வைத்ததில்லை. எதற்கு வைக்க வேண்டும்? நெல்லூரிலிருந்து வருகிறவனுக்கே வழி தெரியும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு நான் உள்ளே போனால் வங்கி மேனேஜர் எழுந்து நின்று கை கொடுக்கிறார். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சபையில், கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்கிற சாட்சி நேரம் வந்தாலும் அப்படித்தான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். ஹெல்ப்பராக இருந்தவனைக் கர்த்தர் முதலாளியாக உயர்த்தினார் என்று நான் ஆரம்பித்தால் போதும், அல்லேலூயா சத்தம் கூரையில் போய் முட்டும். அந்தக் கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டம் நான் போட்டது. வாசலில் நிற்கிற சிலுவையும் என் கையால் பற்றவைத்தது. எத்தனையோ புயல் வந்து போயிற்று, ஒரு மூட்டு அசையவில்லை.

ஆனால் நான் சொல்கிற அந்தச் சாட்சியில் ஒரு விஷயம் இருக்காது. எனக்கு இடது கண் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் எதுவும் தோன்றாது. மற்றக் கண் திரும்பினால் இதுவும் திரும்பும், தூசி விழுந்தால் கலங்கும், துக்க வீட்டில் அழும். பார்க்க மட்டும் பார்க்காது. பட்டறையில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் டிரைவர் வைத்துக்கொண்டதைப் பார்த்து, பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவது அந்தக் கண்ணைப் பற்றி. அதைவிட, என் அம்மாவைப் பற்றி.

எங்கள் குடும்பம் கடலுக்குப் போகிற குடும்பம். அப்பா ஒரு முறை போனவர் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது. அப்போது நான் கைப்பிள்ளை. அம்மா காசிமேட்டில் விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்று என்னை வளர்த்தாள். அவளோடு கூடை தூக்கிய ஒரு அம்மாள்தான் அவளை ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் குப்பத்திலேயே அம்மன் கோவிலை விட்டுவிட்டு ஏசுவிடம் போன முதல் ஆள் என் அம்மா.

அம்மாவின் அண்ணன், என் மாமா, குப்பத்தில் பெரிய குரல். சொந்தப் படகு உண்டு, நாலு பேர் அவர் சொல்லுக்கு நிற்பார்கள். தங்கச்சி மேல் உயிர். அதனாலேயே விட மாட்டார்.

"இன்னாமே, உங்க சாமிக்கு மீன் கொழம்பு வெச்சுப் படைப்பீங்களா, இல்ல வெறும் பாட்டுதானா?" என்பார்.

"பாட்டுதாண்ணா. உன்ன மாரி சாராயம் கேக்காது எங்க சாமி" என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள்.

மீசை அரும்பிய வருஷம் நானும் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் சபைக்குத் தொட்டி கிடையாது, கடல்தான். பாஸ்டர் என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது, மாமாவும் அவருடைய ஆட்களும் படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "கடல்ல பொறந்தவன கடல்லயே முக்கறாங்கப்பா! இதுக்கு நம்ம படகுல இருந்து தள்ளிவுட்டா போதாதா?" என்று மாமா கத்தினார். கரையில் நின்ற சபையார்கூடச் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது அவ்வளவு பெரிய நாள். தண்ணீரை விட்டு மேலே வந்தபோது வானம் புதிதாகப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது.

கடலுக்கு அனுப்ப அம்மாவுக்குப் பயம். அதனால் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டாள். ட்ரெய்லர் வண்டிகளுக்குப் பழுது பார்க்கிற இடம். நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். அந்த வயதில் என் கைக்கு வந்த வெல்டிங் அங்கிருந்த பெரிய ஆட்களுக்கே வரவில்லை. இதை அந்தப் பட்டறை மேஸ்திரியே சொல்லியிருக்கிறார், போதையில்தான், ஆனாலும் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் ட்ரெய்லரின் பின்கதவில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்த இரும்புப் பின்னைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. கோபத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். அந்த இரும்புப் பின் பிய்த்துக்கொண்டு வந்து என் இடது கண்ணில் அடித்தது. கண் முழுக்க ரத்தம் கட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, "வெளியில ஆறிடும்பா. உள்ள எப்படி இருக்குன்னு எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில காட்டிடு, விட்டுடாதே" என்றார்.

அம்மா முதலில் என்னைச் சபைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள். பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். நல்ல மனிதர். சைக்கிளில் வீடு வீடாக வருவார், எங்கள் வீட்டுக் கஞ்சியை மறுக்காமல் குடிப்பார். அவர் தெளிவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கும் போய்ட்டு வாங்கம்மா. டாக்டரும் கர்த்தர் வெச்ச ஆளுதான்." அவர் மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை எங்களிடம்தான் இருந்தது. எங்கள் மாதிரிச் சிறு சபைகளில் அப்போது ஒரு பழக்கம். சுகம் முழுக்க வருவதற்கு முன்னாலேயே, வந்துவிட்டதாக எழுந்து நின்று சாட்சி சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்வதுதான் விசுவாசம். சொன்னால் மீதியைக் கர்த்தர் முடித்துக் கொடுப்பார் என்று நம்பினோம். சாட்சி சொன்ன பிறகு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றால், கொடுத்தவரையே சந்தேகப்பட்ட மாதிரி. அப்படி எந்தப் பாஸ்டரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

சில நாளில் கண் சிவப்பு வடிந்தது. வீக்கம் வற்றியது. அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தெரிதா நைனா?"

"தெரிதும்மா."

"நல்லா தெரிதா?"

அவள் விரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அதை வலது கண்தான் பார்த்தது. இடது கண்ணில் பனி மூட்டம்தான். ஆனால் அந்த மூட்டமும் நாளுக்கு நாள் விலகும் என்று நானும் நம்பினேன். "நல்லா தெரிதும்மா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து நின்றாள். அதுவரை அவள் சபையில் வாய் திறந்ததில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஏலத்தில் கேட்கிற அதே குரலில், "எம் புள்ள கண்ணக் கர்த்தர் சொகமாக்கிட்டாரு. அவனுக்கு எல்லாம் தெரிது" என்றாள். அழுதாள். சபை முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். அவள் இருந்த இடம் என் இடது பக்கம். தலையை முழுக்கத் திருப்பித்தான் என் அம்மாவின் சந்தோஷத்தை நான் பார்க்க முடிந்தது.

அந்தச் சாட்சி அம்மாவின் கூடைக்கு முன்னால் குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தேன். மாமா கரையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் அவருடைய ஆட்கள்.

"இன்னா மாப்ள, கண்ணு வந்துட்ச்சாமே? உங்க அம்மா ஊர் பூரா சொல்லிகினு கீறா."

"ஆமா மாமா."

"மருந்து இல்லாம?"

"பாஸ்டர் ஜெபம் பண்ணாரு மாமா."

மாமா வலையைக் கீழே வைத்தார். கிண்டல் முகம் மாறியது. "இத பார்றா. நா உன்ன வெச்சு வெளாடல. நெஜமா அந்த சாமி உனக்குக் கண்ணு குடுத்துச்சுன்னா, நானே வந்து அது காலுல வுழறேன். குடிய வுடுறேன். தங்கச்சி கேட்டுகினே கீறா, நாந்தான் நக்கல் வுட்டுகினு கீறேன். எங்க, நல்ல கண்ண மூடு."

அம்மா அந்த நேரத்துக்குக் காலிக் கூடையோடு வந்து நின்றாள். நான் வலது கையால் வலது கண்ணை மூடினேன். உலகம் சாம்பல் ஆகிவிட்டது. கடல் எங்கே, வானம் எங்கே என்றுகூடத் தெரியவில்லை.

"தெக்கால ஒரு போட்டு வருது பாரு. அதும் மேல இன்னா கலர் கொடி?"

மாமா குடியை விடுவது, அம்மாவின் சாட்சி, ஏசுவின் பெயர் எல்லாமே என் கைக்கு அடியில் இருந்தன. விரலைக் கொஞ்சமே கொஞ்சம் விரித்தேன்.

"செவப்பு மாமா."

"அட்ரா சக்க!" மாமா என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். ஆட்கள் விசில் அடித்தார்கள். இறக்கிவிட்டு, மூச்சு வாங்க அம்மாவிடம் கேட்டார்: "தங்கச்சி, நாயித்துக்கெழம எத்தினி மணிக்குமே உங்க கோயிலு?"

அம்மா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கூடையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "பத்து மணிக்குண்ணா" என்றாள். அவ்வளவுதான். நாள் முழுக்க வெயிலில் அலைந்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

மாமா சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில், பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். மாமா வீட்டில் அவர் மனைவி, என் அத்தை, முகம் தெளிந்தாள். குப்பத்தில் இரண்டு மூன்று குடும்பம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன.

எனக்கோ கண்ணில் ஒரு கறுப்பு இறங்க ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் ஒரு நிழல். பிறகு கதவை மெல்லச் சாத்துகிற மாதிரி உள்ளே உள்ளே வந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மா போன பிறகு நல்ல கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். நேற்றுத் தெரிந்த ஜன்னல் இன்று பாதி இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பல தடவை கிளம்பினேன். போனால் யாராவது பார்ப்பார்கள். குப்பத்துக்குத் தெரியும். மாமா திரும்பவும் சாராயக் கடைக்குப் போவார். அம்மா எந்த முகத்தோடு சபையில் நிற்பாள்? வரும் ஞாயிற்றுக்குள் கர்த்தர் செய்துவிடுவார் என்று தள்ளிப் போட்டேன். ஞாயிறு வந்து வந்து போனது.

கடைசியில் ஒரு நாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்டூலைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "இவ்வளவு நாள் எங்கேப்பா இருந்தே?" என்று அதட்டினார். சர்ச்சில் இருந்தேன் சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். உள்ளே ஒரு ஜவ்வு கிழிந்து மடங்கிப்போய்விட்டது, இனி ஒட்ட வைக்க முடியாது என்றார்.

அன்றைக்கு நேராகப் பட்டறைக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது?

வெல்டருக்கு ஒரு வசதி உண்டு. முகமூடியை இறக்கிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று உலகத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது. பக்கத்தில் வரவும் மாட்டான், வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அதற்குள்தான் நான் அழுதேன். அதற்குள்தான் கடவுளோடு சண்டை போட்டேன். சபையில் கை தூக்கிப் பாடிவிட்டு வந்து, இங்கே உட்கார்ந்து, எனக்கு ஒண்ணுதான் போச்சு, உனக்கு ரெண்டும் போயிடுச்சா என்று கேட்பேன். அவர் இருக்கிறாரா என்பதில்லை என் சந்தேகம். இருக்கிறார், என் பக்கம் பார்க்கத்தான் அவருக்கு மனசில்லை என்பதுதான். உன் பேர் கெடக் கூடாது என்றுதானே பொய் சொன்னேன், உன் வேலையை நீ செய்திருந்தால் எனக்கு எதற்கு இந்தப் பொய் என்று கேட்டேன். பாஸ்டரிடம் கேட்க முடியாத கேள்வி எல்லாம் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கேட்டேன்.

ஒரு நாள் சண்டை முற்றிவிட்டது. "நீ இல்லவே இல்ல, போ" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு வெல்டிங் ராடைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று யோசித்தால், பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இல்லாதவன் பதிலுக்கு எவனாவது காத்திருப்பானா? அன்றைக்கு எனக்கு ஒளி ஒன்றும் தோன்றவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சை மட்டும் நான் நிறுத்தவில்லை. இன்றுவரை நிறுத்தவில்லை. என் விசுவாசம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான். சபையில் நான் சொல்கிற சாட்சியைவிட இது சின்னது.

வேலையில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு கண் போனால் தூரம் போய்விடும். ராடு நுனி இரும்பைத் தொட்டதா, ஒரு விரல் மேலே நிற்கிறதா என்று தெரியாது. சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றிக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், காதை வைத்து வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். நல்ல வெல்டிங் எண்ணெயில் வடை போட்ட மாதிரி ஒரே சீராகச் சத்தம் போடும். மேஸ்திரி ஒரு நாள், "இன்னாடா, இரும்புக்கு முத்தம் குடுத்துகினு கீறியா?" என்றார்.

"வேல சுத்தமா வருதா இல்லியா மேஸ்திரி?"

குனிந்து பார்த்தார். "வருது, வருது. நீ கட்டிப் புடிச்சுகூட வெல்டு பண்ணு" என்று போய்விட்டார். வந்தது. இரண்டு கண் இருப்பவன் போட்ட மூட்டு ஒரு பக்கம், நான் போட்டது ஒரு பக்கம். எது முதலில் விடுகிறது என்று யார் வேண்டுமானாலும் இன்றும் பந்தயம் கட்டலாம்.

பிறகு சொந்தப் பட்டறை, கல்யாணம், பிள்ளைகள், மாடி வீடு. அம்மாவை மீன் விற்க வேண்டாம் என்று நிறுத்தினேன். மாமா கடைசி வரை சபைக்கு வந்தார். ஒரு பாட்டுகூட ராகத்தில் பாடியதில்லை, ஆனால் குடியை விட்டவர் விட்டவர்தான். சாகும்போது ஏசுவே என்று சொல்லிக்கொண்டு செத்தார். நான் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துச் சொன்ன ஒரு கலரில் ஆரம்பித்தது அது. மாமாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் விட்டுப் போயிருப்பாரா, இல்லை, போடா லூசு என்று தலையில் தட்டிவிட்டுப் பாடிக்கொண்டிருந்திருப்பாரா? இதைக் கேட்க இப்போது ஆளில்லை.

அம்மா இரண்டு விஷயம் செய்வாள். எனக்கு அப்போது அது விஷயமாகவே படவில்லை. விடிவதற்கு முன் எழுந்து முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது, உள்ளங்கையால் தன் இடது கண்ணை அழுத்திக்கொள்வாள். ஒற்றைத் தலைவலி என்பாள். நானும் கடையில் தைலம் வாங்கிக் கொடுப்பேன், ஒரு டப்பா தீர்வதற்குள் அடுத்தது. இன்னொன்று, சபைக்கு நாங்கள் நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போகும்போது என் இடது பக்கம்தான் வருவாள். நான் அந்தப் பக்கம் நகர்ந்தால், சுற்றிக்கொண்டு வந்து திரும்பவும் இடது பக்கம் சேர்ந்துகொள்வாள். கார் வாங்கிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை நடந்துதான் போக வேண்டும் என்பாள். அம்மாவுக்காக முதலாளி நடக்கிறான் என்று ஊரே பார்க்கும். எனக்கு அதில் ஒரு பெருமை.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். வயதான சாவு. கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிறு, வழக்கம்போல நானும் என் மனைவியும் நடந்தே கிளம்பினோம். அவள் என் வலது பக்கம் வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஷேர் ஆட்டோ என் இடது தோளை உரசிக்கொண்டு போயிற்று. எனக்கு அது வந்ததே தெரியாது. தடுமாறிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, சட்டென்று சுற்றி வந்து இடது பக்கம் நின்றுகொண்டாள்.

"அந்தப் பக்கம் எதுக்கு வர? வண்டி வருதில்ல" என்று எரிந்து விழுந்தேன்.

"வண்டி வர்றதாலதாங்க வரேன். அத்த இத்தன நாளா இங்கதான வந்தாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றுவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிவிட்டாளாம். அவனுக்கு இடது பக்கம் தெரியாது, தட்டையும் டம்ளரையும் வலது பக்கம் வை, நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று.

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"கடக்கரையில நீங்க கைய வெச்சு கண்ண மூடுனீங்களாமே. வெரல் வெரிஞ்சத அத்த பாத்துட்டாங்களாம்."

அந்தக் கூடை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாறியது என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுவாங்க. 'அன்னிக்கே அவன் கையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துகினு போயிருக்கணும்மே. எங்கண்ணன் சர்ச்சுக்கு வரேன்னு சொல்லிட்டான், நானும் சாட்சி சொல்லிட்டேன். ஒரு வாரம் பாப்போம், கர்த்தர் செஞ்சுடுவாருன்னு இர்ந்துட்டேன். எம் புள்ள கண்ண நாந்தான் குடுத்துட்டேன்'னு சொல்லுவாங்க. உங்ககிட்ட கேட்டா நீங்க ஒடஞ்சிடுவீங்களாம். எனக்காக மறைக்கிறான், மறைச்சுட்டுப் போகட்டும்னுவாங்க."

ஒரு ட்ரெய்லர் கடந்து போயிற்று. பின்கதவின் பின்கள் கடகடவென்று ஆடின.

நான் ஞாயிறு ஞாயிறாகத் தள்ளிப் போட்டேன். அவள் வாரம் வாரமாகத் தள்ளிப் போட்டாள். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சந்தேகத்தை இரண்டு பேரும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். நான் முகமூடிக்குள், அவள் உள்ளங்கைக்குள். ஒற்றைத் தலைவலி இல்லை அது. தன் கண்ணை மூடிக்கொண்டு என் கண்ணைக் கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் நான் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போட்டு, ஆண்டவரே இது சுகமாகவில்லை, எங்களுக்குப் பயமாக இருக்கிறது, உம்மேல் வருத்தமாகவும் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். அவருக்கும் அது பிடித்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். எங்கள் பொய் இல்லாமலேயே தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியாதா?

சபைக்குப் போனோம். சாட்சி நேரம் வந்தது. வழக்கம்போல எல்லாத் தலையும் திரும்பியது. பழைய பாஸ்டர் இப்போது இல்லை, அவர் இடத்துக்கு வந்திருக்கிற இளம் பாஸ்டர், "ஐயா?" என்று மைக்கை நீட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கூட்டத்துக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்து, எப்போதும் பட்டறையில் பேசுகிற மாதிரியே பேசினேன். ஆண்டவரே, அவங்க இப்ப உம்ம கிட்டத்தான கீறாங்க. ஒரு வார்த்த சொல்லிடு. உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, உம் புள்ள மனசுல ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லிடு. நான் சொல்லியிருக்கணும். வாய் இருந்தும் சொல்லல.

அவர் சொன்னாரா, அது எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். இந்த நம்பிக்கையைக் கொடி காட்டிச் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது.

திரும்பி வரும்போது என் மனைவி இடது பக்கமே வந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒரு தடவையாவது என் வாயால் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது" என்றேன்.

துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

"இன்னாங்க?"

"இந்தக் கண்ணு எனக்குத் தெரியாதுன்னேன்!" நடுச்சாலையில், தொண்டை கிழியக் கத்தினேன். லாரிக்குக் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்த ஒருவன் தலையை நீட்டிப் பார்த்தான். என் பட்டறைக்கு வருகிறவன்தான். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான்.

"தெரியும், நடங்க" என்றாள் அவள். "பஸ்ஸு வருது."